தாண்டினால் குண்டு! "டெட்லைன்" என்ற சொல்லின் கதை

"இன்றைக்குத்தான் டெட்லைன்!"

பரீட்சைக்குப் பணம் கட்ட ஓடும் மாணவன் இப்படிச் சொல்லுகிறான். வரிக் கணக்கைத் தூக்கிக்கொண்டு ஆடிட்டரிடம் போகும் கடைக்காரர் சொல்லுகிறார். தீபாவளிக்குள் துணியைத் தைத்துக் கொடுக்க வேண்டிய தையல்காரரும் சொல்லுகிறார்.

இங்கிலீஷ் படிக்காதவர்கள் வாயிலும் புகுந்துவிட்ட சொல் இது. கெடு, கடைசி நாள், அதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். பொருள் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால், சொல்லைப் பிரித்துப் பாருங்கள். திகைப்பாக இருக்கும். "டெட்" என்றால் செத்த. "லைன்" என்றால் கோடு. சேர்த்தால், செத்த கோடு!

கோடு எப்படிச் சாகும்? கடைசி நாளுக்கும் கோட்டுக்கும் என்ன சம்பந்தம்?

கோடு சாகவில்லை. கோட்டைத் தாண்டியவன்தான் செத்தான். ஒரு காலத்தில் இது வெறும் பேச்சு அல்ல. மண்ணில் குச்சி நட்டு, அதன் மேல் சட்டம் அடித்து உண்டாக்கிய உண்மையான கோடு. அதைத் தாண்டியவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். "சாவுக் கோடு" என்பதே அதற்குச் சரியான தமிழ்.

அந்தக் கோடு இருந்த இடம் அமெரிக்கா.

பிடிபட்ட சிப்பாய்கள்

1861-ம் ஆண்டு அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையை விட மனமில்லாத தென் மாநிலங்கள் தனி நாடு என்று பிரிந்தன. வட மாநிலங்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நான்கு ஆண்டுகள் சண்டை நடந்தது.

முதலில், பிடிபட்ட சிப்பாய்களை இரு தரப்பாரும் ஒருவருக்கு ஒருவர் என்று மாற்றிக்கொண்டார்கள். 1863-ல் அந்த ஏற்பாடு முறிந்தது. வடக்கின் படையில் கறுப்பின மக்களும் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் பிடிபட்டால் போர்க் கைதிகளாக நடத்த முடியாது என்று தெற்கு பிடிவாதம் பிடித்தது. கைதி மாற்றம் நின்றது. இரு பக்கமும் சிறைகள் நிரம்பி வழிந்தன.

தெற்கில் ஜார்ஜியா என்ற மாநிலம் இருக்கிறது. அங்கே ரயில் பாதை ஓரத்தில் ஆண்டர்சன்வில் என்ற சிற்றூர். அந்த ஊருக்குப் பக்கத்தில் 1864 பிப்ரவரியில் ஒரு சிறை முகாமைத் திறந்தார்கள். "காம்ப் சம்டர்" என்பது அதன் பெயர். ஆனால் உலகம் அதை ஆண்டர்சன்வில் என்றே அறியும்.

சிறை என்றால் கட்டடம் இல்லை. கூரை இல்லை. அறை இல்லை. திறந்த வெளியைச் சுற்றிப் பைன் மரங்களை நெருக்கமாக நட்டு, உயரமான மதில் எழுப்பியிருந்தார்கள். அவ்வளவுதான். வெயிலும் மழையும் கைதிகள் தலையில் இறங்கின. கந்தல் துணியையும் போர்வையையும் குச்சியில் கட்டி, அதன் அடியில் சுருண்டு கிடந்தார்கள்.

10 ஆயிரம் பேருக்கு என்று போட்ட முகாம் அது. அதே ஆண்டு ஆகஸ்டில் 32 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் அதில் அடைபட்டிருந்தார்கள். இத்தனைக்கும் ஜூன் மாதத்தில் முகாமைப் பெரிதாக்கி 26½ ஏக்கர் ஆக்கியிருந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஆறடிக்கு ஆறடி இடம். நடுவில் இருந்த சதுப்பு நிலத்தைக் கழித்தால் அதுவும் இல்லை.

இந்தக் கொஞ்ச இடத்திலும் ஒரு பகுதியைக் கோடு விழுங்கியது.

சாவுக் கோடு

மதிலிலிருந்து உள்பக்கமாக ஏறக்குறைய 20 அடி தள்ளிச் சிறு கம்பங்களை நட்டார்கள். கம்பங்களின் மேல் மெல்லிய மரச் சட்டத்தை வைத்து ஆணி அடித்தார்கள். மதிலைச் சுற்றி வந்தது இந்தச் சட்டம். ஒரு குழந்தை கூடத் தள்ளிவிடக்கூடிய வேலி அது.

ஆனால் அதைத் தாண்டக்கூடாது. தொடவும் கூடாது. மதிலின் மேல் வரிசையாகக் காவல் கூண்டுகள் இருந்தன. அவற்றில் துப்பாக்கியோடு காவலர்கள் நின்றார்கள். நல்ல சிப்பாய்கள் எல்லாம் போர் முனைக்குப் போய்விட்டதால், காவலர்களில் பலர் கிழவர்கள், மீசை முளைக்காத பையன்கள். கைதி கோட்டைத் தாண்டினால் சுட வேண்டும் என்பது அவர்களுக்கு உத்தரவு.

இதன் பெயர்தான் "டெட் லைன்". 1864 மே மாதம் தெற்கு ராணுவ அதிகாரி ஒருவர் முகாமைச் சோதித்து அறிக்கை எழுதினார். அந்த அறிக்கையிலேயே இந்தச் சொல் இருக்கிறது. இரவோ பகலோ, தாண்டினால் சுடப்படுவார் என்று விளக்கமும் எழுதியிருக்கிறார். அப்போது அது இரண்டு சொல். இடையிலே சிறு கோடு போட்டு எழுதினார்கள். சேர்த்து ஒரே சொல்லாக எழுதுவது பின்னால் வந்த பழக்கம்.

இலட்சுமணன் கிழித்த கோடு என்று பாட்டிமார் கதை சொல்லுவார்கள். அந்தக் கோடு, உள்ளே இருப்பவரைக் காப்பதற்கு. இந்தக் கோடு, உள்ளே இருப்பவரைக் கொல்வதற்கு.

கொடுமையில் கொடுமை வேறொன்று இருந்தது. கோடு எல்லா இடத்திலும் கண்ணுக்குத் தெரியவில்லை. சில இடங்களில் சட்டம் விழுந்துவிட்டது. சில இடங்களில் கம்பமே இல்லை. அங்கே கோடு காவலனின் மனத்தில் மட்டும் இருந்தது! நேற்று வந்து சேர்ந்த கைதிக்கு அது எப்படித் தெரியும்?

ஒரு குவளைத் தண்ணீர்

முகாமின் குறுக்கே ஓர் ஓடை ஓடியது. குடிக்கவும் குளிக்கவும் அந்த ஓடைதான். கழிப்பிடமும் அதன் கரைதான். முகாமுக்குள் நுழையும் முன்பே காவலர் குடியிருப்பின் அழுக்கும் சமையல் கொட்டகையின் கழிவும் அதில் கலந்தன.

உள்ளே வந்த பிறகு ஓடை எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓரளவு தெளிந்த தண்ணீர் வேண்டுமானால் ஓர் இடத்தில்தான் கிடைக்கும். ஓடை மதிலைக் கடந்து உள்ளே வருகிற இடம். ஆனால் அங்கேயும் குறுக்கே சாவுக் கோடு!

கைதிகள் கோட்டின் ஓரம் போய் நின்றார்கள். குவளையைப் பிடித்துக் கையை நீட்டினார்கள். கூட்டம் நெருக்கியது. கை கொஞ்சம் அதிகமாக நீண்டுவிட்டால் மேலே இருந்து குண்டு வந்தது. தண்ணீருக்குப் போனவன் பிணமானான்.

1864 ஆகஸ்டில் பெருமழை பெய்தது. மதிலின் ஒரு பகுதியே அடித்துக்கொண்டு போயிற்று. அந்த மழைக்குப் பிறகு, கோட்டை ஒட்டிய சரிவில் நல்ல நீரூற்று ஒன்று பீறிட்டது. தெய்வம் கொடுத்த தண்ணீர் என்று கைதிகள் நம்பினார்கள். "பிராவிடன்ஸ் ஊற்று", அதாவது இறைவன் அருளிய ஊற்று என்ற பெயர் அதற்கு இன்றும் இருக்கிறது.

குண்டுக்கு இரையானவர்களை விட நோய்க்கு இரையானவர்கள் மிக அதிகம். சீதபேதி, வயிற்றுப்போக்கு, காய்கறி இல்லாததால் வரும் ஸ்கர்வி நோய். 14 மாதங்களில் சுமார் 45 ஆயிரம் பேர் அந்த மதிலுக்குள் போனார்கள். ஏறக்குறைய 13 ஆயிரம் பேர் திரும்பவே இல்லை.

வடக்கின் சிறைகள் மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. சிகாகோ நகரில் இருந்த காம்ப் டக்ளஸ் சிறையிலும் தெற்குச் சிப்பாய்களுக்குச் சாவுக் கோடு இருந்தது. வேறு முகாம்களிலும் இருந்தது. கோடு இரு தரப்புக்கும் பொது. பேர் கெட்டது ஆண்டர்சன்வில்லுக்கு.

தூக்குமேடை

1865-ல் போர் முடிந்தது. தெற்கு தோற்றது. உயிரோடு வீடு திரும்பிய கைதிகளின் படங்கள் வெளிவந்தன. எலும்புக்கூட்டின் மேல் தோல் போர்த்தியது போல் இருந்தார்கள். வடக்கு மக்கள் கொதித்தார்கள்.

சிறைக்குள் அதிகாரம் செலுத்திய காப்டன் ஹென்றி வெர்ஸ் கைது செய்யப்பட்டார். இவர் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். 1865 ஆகஸ்டில் வாஷிங்டன் நகரில் ராணுவ நீதிக்குழு முன்னால் விசாரணை தொடங்கியது. குழுவின் தலைவர் ஜெனரல் லூ வாலஸ். பிற்காலத்தில் "பென்ஹர்" என்ற புகழ்பெற்ற நாவலை எழுதினாரே, அவரேதான்!

நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகள் வந்தார்கள். குற்றப் பத்திரிகையில் சாவுக் கோடு தனியாக இடம் பெற்றது. பல இடங்களில் அது வெறும் கற்பனைக் கோடு என்றும், மற்ற இடங்களில் ஆட்டம் கண்ட சட்டம் என்றும், அதைத் தொட்டவனையும் அதன் கீழே நுழைந்தவனையும் சுடச் சொன்னார் என்றும் குற்றம் சாட்டினார்கள்.

"மேலிடத்து உத்தரவைத்தான் நிறைவேற்றினேன்" என்பது வெர்ஸின் வாதம். உணவும் மருந்தும் தெற்கு ராணுவத்துக்கே இல்லை, கைதிக்கு எங்கே போவது என்றும் கேட்டார். அவருக்கு மேலே இருந்த ஜெனரல் வின்டர் அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே இறந்து போயிருந்தார். பதில் சொல்ல மீந்தவர் வெர்ஸ் ஒருவரே. 1865 நவம்பர் 10-ந் தேதி அவர் தூக்கிலிடப்பட்டார்.

அவர் கொலைகாரரா, பிறர் பழியைச் சுமந்தவரா? சரித்திர ஆசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். 1909-ல் தெற்கத்திப் பெண்கள் சங்கம் ஒன்று, அதே ஆண்டர்சன்வில் ஊரில் அவருக்கு நினைவுத் தூண் கட்டியது!

இந்த வழக்கில் மறக்கக்கூடாத பெயர் இன்னொன்று உண்டு. டோரன்ஸ் அட்வாட்டர். இவனும் கைதிதான். 19 வயது. இறந்தவர்கள் பெயரைப் பதிவு செய்யும் குமாஸ்தா வேலையை இவனிடம் கொடுத்திருந்தார்கள். இந்தக் கணக்கு ஒருநாள் மறைந்து போகலாம் என்று பையனுக்குப் பயம். ரகசியமாக இன்னொரு பிரதி எழுதி வைத்துக்கொண்டான். ஏறக்குறைய 13 ஆயிரம் பெயர்கள்!

1865 கோடையில் அந்தப் பட்டியலோடு அவன் ஆண்டர்சன்வில் திரும்பினான். கிளாரா பார்ட்டன் என்ற அம்மையாரும் கூடப் போனார். போர்க்களங்களில் காயம்பட்டவர்களுக்குத் தொண்டு செய்தவர் அவர். பின்னால் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. பெயர் தெரிந்த கல்லறை ஒவ்வொன்றிலும் பெயர்ப் பலகை நட்டார்கள். சுமார் 460 கல்லறைகளுக்கு மட்டுமே பெயர் கிடைக்கவில்லை. அந்தப் பட்டியலை 1866-ல் "நியூயார்க் டிரிபியூன்" பத்திரிகை அச்சிட்டு வெளியிட்டது. எத்தனையோ தாய்மார்கள் தங்கள் மகன் என்ன ஆனான் என்பதை அதைப் பார்த்துத்தான் அறிந்தார்கள்.

அந்த இடம் இப்போது அமெரிக்க அரசின் தேசிய நினைவிடம். மதில் இருந்த இடத்திலும் கோடு இருந்த இடத்திலும் வெள்ளைக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டி நடக்கிறார்கள்.

சிறையை விட்டு வெளியே

வெர்ஸ் வழக்கைப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக வெளியிட்டன. "டெட் லைன்" என்ற சொல் நாடு முழுவதும் பரவியது. சிறையை விட்டு வெளியே வந்தது. தாண்டினால் ஆபத்து என்ற எந்த எல்லைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

1880-ல் நியூயார்க் போலீசில் துப்பறியும் பிரிவுத் தலைவராக இருந்தவர் தாமஸ் பைர்ன்ஸ். வால் தெருவில் பெரிய பெரிய பாங்குகளும் வைரக் கடைகளும் இருந்தன. திருடர்களுக்குக் கொண்டாட்டம். பைர்ன்ஸ் ஓர் உத்தரவு போட்டார். புல்ட்டன் தெருதான் டெட் லைன். பழைய கேடி எவனாவது அதற்குத் தெற்கே தலை காட்டினால் உடனே கைது!

மேற்கே மேய்ச்சல் காட்டில் கதை வேறு. மாடு வளர்ப்பவர்களுக்கும் ஆடு வளர்ப்பவர்களுக்கும் ஜென்மப் பகை. ஆடு வேரோடு புல்லைக் கடித்துவிடும் என்பது மாட்டுக்காரர்கள் கட்சி. இந்த மலைக்கு இப்பால் ஆடு வரக்கூடாது என்று அவர்களாகவே டெட் லைன் வகுத்தார்கள். 1909 ஏப்ரலில் வயோமிங் மாநிலத்தில் டென்ஸ்லீப் என்ற ஊருக்கு அருகே ஆட்டு மந்தையோடு கோட்டைத் தாண்டி வந்தவர்களை இரவில் தாக்கினார்கள். மூன்று பேர் மாண்டார்கள். குற்றவாளிகளில் ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள்.

இதுவரை எல்லாம் இடத்தைக் குறிக்கும் கோடுதான். நாளையும் மணியையும் குறிக்கும் கோடாக மாறியது எங்கே? பத்திரிகை உலகில்.

அச்சு யந்திரத்தில் ஒரு கோடு

பழைய அச்சகங்களில் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோப்பார்கள். கோத்த பக்கத்தை இரும்புச் சட்டத்தில் இறுக்கி, யந்திரத்தின் தட்டையான படுக்கையில் வைப்பார்கள். மேலே உருளை காகிதத்தோடு உருண்டு வரும். படுக்கையில் ஓர் எல்லைக் கோடு உண்டு. எழுத்து அந்தக் கோட்டுக்கு வெளியே போகக்கூடாது. போனால் சரியாக அச்சாகாது.

அந்தக் கோட்டுக்கும் டெட் லைன் என்றே பெயர். 1910-களில் வந்த அச்சுத் தொழில் புத்தகங்களில் இதைக் காணலாம். இங்கே சாவது மனிதன் அல்ல, எழுத்து!

சிறைக் கோடு நேராக நடந்து வந்து அச்சு யந்திரத்தில் படுத்துக்கொண்டது என்று சொல்லிவிடக்கூடாது. சொற்கள் அப்படி ஒற்றையடிப் பாதையில் நடப்பதில்லை. ஆனால் அகராதிகளில் காலவரிசை தெளிவாக இருக்கிறது. முதலில் சிறை, பிறகு அச்சகம், அதன் பிறகு கடிகாரம்.

பத்திரிகை ஆபீசில் கடிகாரம்தான் ராஜா. வெளியூர்ப் பதிப்பு இத்தனை மணிக்கு ரயிலில் ஏற வேண்டும் என்றால், அதற்கு முன்பே அச்சாக வேண்டும். அதற்கும் முன்பே எழுத்துக் கோத்தாக வேண்டும். அப்படியானால் நிருபர் எத்தனை மணிக்குள் செய்தி கொடுக்க வேண்டும்? அந்த மணிதான் "டெட்லைன்". அதற்குப் பிறகு வந்த செய்தி எவ்வளவு பெரியதானாலும் அந்தப் பதிப்பைப் பொறுத்தவரை செத்த செய்தி.

1920-ல் அமெரிக்காவில் ஒரு ஊமைப் படம் வந்தது. "டெட்லைன் அட் லெவன்" என்று பெயர். பத்திரிகை ஆபீஸ் கதை. "பதினோரு மணிக்குக் கெடு" என்று படத்துக்கே பெயர் வைக்கிறார்கள் என்றால், அதற்குள் ஜனங்களுக்குப் புதுப் பொருள் பழகிவிட்டது என்றுதானே அர்த்தம்? பத்திரிகையிலிருந்து வியாபாரத்துக்கும், பள்ளிக்கும், அரசாங்க ஆபீசுக்கும் போய், கடைசியில் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

அமெரிக்க ராணுவத்தில் மட்டும் தனி வழக்கு உண்டு. பழுதாகி ஓடாமல் நிற்கும் லாரியை "டெட்லைன் ஆகிவிட்டது" என்பார்கள்.

எப்படிப் பேசுவது?

இங்கிலீஷில் இந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் வினைகளைத் தெரிந்துகொள்வது நல்லது. கெடுவுக்குள் முடித்தால் "மீட்" என்பார்கள். யாரையோ சந்தித்ததாக நினைத்துக்கொள்ளக்கூடாது! தவறவிட்டால் "மிஸ்". கெடுவைத் தள்ளி வைத்தால் "எக்ஸ்டெண்ட்".

"டியூ டேட்" என்றொரு சொல்லும் உண்டு. கட்ட வேண்டிய தேதி. அந்தத் தேதி போனாலும் பல இடங்களில் அபராதத்தோடு கட்டலாம். டெட்லைன் என்றால் பெரும்பாலும் கதவு அடைபட்டது என்றே பொருள். விண்ணப்பம் அனுப்புகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

"டெட்" என்று தொடங்கும் கூட்டுச் சொற்கள் எல்லாவற்றிலும் சாவு இல்லை. "டெட் எண்ட்" என்பது முட்டுச் சந்து. "டெட்லாக்" என்றால் இரு தரப்பும் விட்டுக் கொடுக்காமல் பேச்சு நின்று போவது. "டெட் ஹீட்" என்றால் பந்தயத்தில் இருவர் ஒரே சமயத்தில் வந்து சேருவது. இங்கெல்லாம் "டெட்" என்பதற்கு அசைவில்லாத, முழுமையான என்ற பொருள்தான். டெட்லைனில் உள்ள "டெட்" அப்படிப்பட்டது அல்ல. அது நிஜமான சாவு.

தமிழில் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டாம். "கெடு" இருக்கிறது. சின்னச் சொல். கெடு வைத்தார், கெடு முடிந்தது, ஒரு வாரக் கெடு என்று பாமரரும் பேசுகிறார்கள். "காலக்கெடு" என்று நீட்டியும் எழுதுகிறார்கள். கடனைத் திருப்பும்போது "தவணை" என்கிறோம். ஆனால் தவணை என்பது பல முறை வரும். கெடு ஒரே முறைதான்.

இன்னொரு சொல்லோடு இதைக் குழப்புகிறவர்கள் உண்டு. "டேட்லைன்" என்று ஒன்று இருக்கிறது. பத்திரிகைச் செய்தியின் தலையில் "மதுரை, ஜன. 5" என்று ஊரும் தேதியும் போடுகிறார்களே, அதுதான் டேட்லைன். பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே பூகோளப் படத்தில் ஒரு கோடு போட்டிருக்கும். கப்பல் அதைக் கடந்தால் தேதி ஒரு நாள் மாறும். அதற்கும் டேட்லைன் என்றே பெயர். அந்தக் கோட்டைத் தாண்டுகிறவர்களை யாரும் சுடுவதில்லை. கிழக்கிலிருந்து மேற்கே போனால் காலண்டரில் ஒரு நாள் போய்விடும். அவ்வளவுதான் நஷ்டம்.